கதவைச் சாத்துங்கோ

படகிலிருந்து அப்பாவின் சாம்பல் முட்டியைக் கடலில் கவிழ்த்த கையோடு கஜானன் போனை எடுத்துத் தூரத்துக் கோட்டையைப் படம் பிடித்தான்.

"அக்கா, உதுதானே அப்பாவை அடைச்சு வைச்சிருந்த கோட்டை? ஒருக்கா போய்ப் பாத்திட்டு வருவம்."

கேதீஸ்வரி கடல்நீரில் கையை அலசினாள். கனடாவிலிருந்து அவன் வந்து சேர்ந்தது பிரேதம் எடுக்கிற நேரத்துக்கு. அப்பா தம்பிஐயா படுக்கையில் கிடந்த காலமெல்லாம், வீடியோவில் "சாப்பிட்டீங்களோ அப்பா?" என்று கேட்பதோடு அவன் கடமை முடிந்துவிடும். யார் சோறு தீத்திவிட்டது என்று கேட்டதில்லை. செத்தவீட்டில் மட்டும் கண்ணீர் வழிய ஒரு மணித்தியாலம் பேசினான்.

படகு கோட்டைப் பக்கம் திரும்பியது. கடல் நடுவே நின்ற அந்தப் பழைய மறியற்சாலை இப்போது விடுதி. மதிலடியில் குடை விரித்த மேசைகள். கஜானன் இரண்டு பழரசத்துக்குச் சொன்னான். அவள் தொடவில்லை.

ஒரே ஒரு கொட்டடியை மட்டும் பழையபடி விட்டிருந்தார்கள். கஜானன் உள்ளே போய்ச் சுவரைத் தடவினான். போனை முகத்துக்கு நேரே நீட்டிக் கண்ணை மூடித் திறந்தான்.

"அக்கா, வெளியாலை கதவைச் சாத்துங்கோ. அப்பா பட்டதை நானும் உணர்ந்து கதைக்கப் போறன். சனம் பாக்கட்டும்."

தம்பிஐயா சாகும்வரை எந்தக் கதவையும் சாத்த விட்டதில்லை. தூவானம் கட்டிலை நனைத்தாலும் கதவு திறந்தே கிடக்கும். கக்கூசுக்குக்கூடச் சீலைதான் தொங்கியது. கஜானனும் அந்த வீட்டில்தான் வளர்ந்தான். ஏனென்று ஒரு நாளும் கேட்கவில்லை. இப்போது சொன்னால் அதையும் முகநூலில் எழுதுவான்.

அவள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள்.

உள்ளே அவன் குரல் கணீரென்று தொடங்கியது. பிறகு தடுமாறியது. பிறகு நின்றது.

"அக்கா... காணும். திறவுங்கோ."

அவள் நின்றாள்.

"அக்கா!" கதவு அதிர்ந்தது. "திறவணை!"

ஆறுதலாகத் தாழ்ப்பாளை இழுத்தாள். வெளியே வந்தவனின் சேட்டு முதுகோடு ஒட்டியிருந்தது.

"வீடியோ வடிவா வந்ததே?"

அவன் போனைச் சேட்டுப் பைக்குள் போட்டான்.

திரும்பும்போது படகின் மறுபக்கத்தில் இருந்தவன், பாதி வழியில் எழுந்து வந்து அவளருகே நின்றான். கேதீஸ்வரி தள்ளி இருந்து இடம் விட்டாள். அவன் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை.