அந்தோனியாரைத் தொட்ட கை

செவ்வாய்க்கிழமை காலை ஆறேகாலுக்கு ஹியூபேட் தன் வலது கையைத் தூக்கிப் பிடித்தபடி கொட்டாஞ்சேனைத் தெருவில் நடந்து வந்துகொண்டிருந்தார். உள்ளங்கை வானத்தைப் பார்த்திருந்தது. விரல்கள் ஒன்றோடொன்று படாமல் விரிந்திருந்தன. துறைமுகப் பக்கமிருந்து வந்த ஈரக்காற்று அந்தக் கையை மட்டும் சுற்றிக்கொண்டு போவதுபோல் அவருக்குப் பட்டது. கையில் ஒன்றும் இல்லை. அந்த ஒன்றுமில்லாததைச் சிந்தாமல் நான்காம் மாடி வரை கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அன்றைக்கு அவருடைய வேலை.

நான்காம் மாடியில் அவருடைய மனைவி யோசெப்பின் இருந்தாள். மார்பில் வந்த கட்டியை வெட்டி எடுத்த பிறகு அவளுக்கு மூன்று தடவை மருந்து ஏற்றியாகிவிட்டது. மூன்றாவதற்குப் பின் காய்ச்சல் வந்து, ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே படுத்திருந்தாள். இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் விழுந்துபோய்விட்டன என்று டொக்டர் சொன்னார். மற்றவர்களுக்கு இரண்டு நாள் சளித் தடிமனாகப் போகும் கிருமி இவளைக் கொண்டுபோய்விடும் என்றும் சொன்னார். வீட்டுக்கு வந்த யோசெப்பின் இனி அங்கே போவதில்லை என்று சொல்லிவிட்டாள். நாலாவது இன்றைக்கு, ஒன்பது மணிக்கு. நேற்றுப் பின்னேரம் வரை கெஞ்சியதில் ஒரேயொரு நிபந்தனைக்கு இறங்கி வந்தாள்.

"அந்தோனியாரத் தொட்ட கையக் கொண்டுவந்து என்ர தலையில வையுங்க, டாடி. வச்சா வாறன்." மகள் பிறந்ததிலிருந்து அவளும் அவரை டாடி என்றுதான் கூப்பிடுகிறாள்.

கேட்டது புதிது அல்ல. சந்தியில் கண்ணாடிக் கூட்டுக்குள் சிலையாக நிற்கும் புனித அந்தோனியாரைத் தொட்ட கையோடு நேரே வீட்டுக்கு வந்து நோயாளியின் நெற்றியில் வைப்பது அந்தப் பக்கத்துச் சனத்துக்குப் பனடோல் குளிசை மாதிரி. ஆனால் வீட்டு வாசலில் மகள் டில்ஷானி ஒரு கடதாசி ஒட்டியிருந்தாள். செருப்பு வெளியே. உள்ளே வருமுன் சவர்க்காரம் போட்டு இருபது விநாடி. தும்மல் முழங்கைக்குள். ஃபோனைத் துடை. வருகிறவர்கள் வாசலோடு சரி. வெள்ளவத்தையில் ஃபார்மசியில் வேலை செய்கிற பிள்ளை. அவளுடைய எழுத்துக்கு மேல்முறையீடு கிடையாது. கழுவினால் அந்தோனியார் போய்விடுவார். கழுவாவிட்டால் அந்தோனியாரைத் தொட்ட இன்னும் இருநூறு பேரும் கூடவே உள்ளே வந்துவிடுவார்கள்.

கிருமிகளைப் பற்றி ஹியூபேட்டுக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. துறைமுகத்தில் முப்பத்தாறு வருடம் சாமான் இறக்குவதை மேற்பார்வையிட்டவர். ஒரு நோர்வேக் கப்பலின் கப்டன் ஒருமுறை மேல்தட்டில் நின்று தும்மினார், அடுத்த கப்பலின் கயிற்றில் இருந்த காகங்களெல்லாம் மூன்று நாள் தடிமனோடு கரைந்துகொண்டிருந்தன. இதை அவர் நாற்பத்தொரு வருடமாக யோசெப்பினிடம் சொல்லிவருகிறார். அவள் ஒரு தடவைகூட நம்பியதில்லை. காகங்களின் எண்ணிக்கை கூடும்போது மட்டும் கவனித்துச் சொல்லுவாள்.

எனவே அன்றைக்கு அவர் ஒரு திட்டத்தோடு இறங்கினார். வீட்டிலேயே கை கழுவினார். படிக்கட்டுக் கம்பியைத் தொடாமல், கேட்டை முழங்கையால் தள்ளி, சந்திக்குப் போனார். அங்கே டெரிக் தன் முச்சக்கர வண்டியைத் துடைத்து முடித்து, அதே துணியால் அந்தோனியாரின் கண்ணாடியைத் துடைக்கப் போய்க்கொண்டிருந்தான்.

"தம்பி, பொறு. அந்தத் துணி வேணாம்." ஹியூபேட் பையிலிருந்து புதுத் துணியையும் ஸ்பிரிட் போத்தலையும் எடுத்துக் கொடுத்தார். "இதால துடை. துடைச்சிட்டு ஒருத்தரையும் தொட விடாத. முதல் கை என்ர கை."

டெரிக் போத்தலை முகர்ந்து பார்த்தான். "என்ன அங்கிள், சாமிக்கே தொத்திட்டுதா?"

"சாமிக்கு ஒண்டும் இல்ல. சாமிட்ட வாற ஆக்களுக்குத்தான்."

"அப்ப எட்டரைக்கு அன்ரிய ஏத்த வரவா, இல்லையா?"

"வா. வந்து ஹோர்ன் அடி. மேல ஏறி வராத."

டெரிக் துடைத்தான். கண்ணாடிக்குள் நின்ற அந்தோனியார், குழந்தையை ஒரு கையில் தாங்கியபடி, இவ்வளவு சுத்தத்தைக் கண்டு கொஞ்சம் கூச்சப்பட்டதுபோல் தெரிந்தது. ஸ்பிரிட் காய்ந்ததும் ஹியூபேட் ஐந்து விரலையும் வைத்தார். கண்ணாடி குளிர்ந்திருந்தது. எடுத்தபோது கையில் ஒரு பாரம் ஏறியிருந்தது. புறாக்குஞ்சு ஒன்று உட்கார்ந்திருப்பதுபோன்ற பாரம்.

திரும்பி வரும் வழியில்தான் தெருவைச் சரியாகக் கண்டார். மனிதன் ஒரு நாளைக்கு எத்தனை பொருளைக் காரணமில்லாமல் தொடுகிறான். மதிலைத் தொடுகிறான், மூக்கைத் தொடுகிறான், நின்றுபோன பஸ்ஸின் முதுகைத் தட்டுகிறான். சாய்ந்து விழுந்த வெயிலில் தூசி மிதந்தது. அது தூசி அல்ல என்று அவருக்குத் தெரியும். ஞாயிறு பூசைக்குப் போகிறவர்கள்போல உடுத்திக்கொண்டு, அவசரமில்லாமல், பிடிக்க ஒரு கை தேடிக் கிருமிகள் வந்துகொண்டிருந்தன. அவருடைய கையை நெருங்கியதும் ஒதுங்கி வழிவிட்டன.

இடியப்பம் விற்கும் ஹமீமா ஜன்னலுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். "என்ன அங்கிள், கைல காயமா?"

"இல்ல மகள். இப்பதான் பெயின்ற் அடிச்சது. காயட்டும்."

"என்ன கலர்?"

"உங்களுக்குத் தெரியாத கலர்."

அவள் தலையை ஆட்டிவிட்டு இடியப்பத் தட்டை மூடினாள்.

மாடிப்படிகளில் முதல் இரண்டு மாடியும் நன்றாகவே போனது. மூன்றாம் மாடித் திருப்பத்தில், யாரோ மிளகாய் வதக்கிய வாசனை வந்தது. மூக்கின் அடியில் தும்மல் ஒன்று எழுந்து உட்கார்ந்தது. அறுபத்தெட்டு வருடமாக அவர் வலது கைக்குள் தும்மியவர். கை தானாகக் கிளம்பியது. அதை நிறுத்தினார். கடதாசியில் சொன்னபடியே இடது முழங்கையை மடித்து, அதற்குள் முகத்தைப் புதைத்துத் தும்மினார். டில்ஷானி பார்த்திருந்தால் கைதட்டியிருப்பாள். அவ்வளவு ஒழுங்கான தும்மல். அந்த ஒழுங்கில் உடம்பு ஒரு பக்கமாகத் திரும்பியது, செருப்பு வழுக்கியது, வலது கை பாய்ந்துபோய்ப் படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டது.

ஐந்து விரலும்.

அவர் விழவில்லை. கம்பி பிசுபிசுவென்றிருந்தது. நான்கு மாடிச் சனமும் அதைப் பிடித்து ஏறி இறங்கியவர்கள். இருமியவர்கள், மீன் வெட்டியவர்கள், பிள்ளைக்கு மூக்குச் சிந்திவிட்டவர்கள். புறாக்குஞ்சு பறந்துவிட்டிருந்தது.

ஒருவரும் காணவில்லை. அதுதான் அவரைக் கொஞ்ச நேரம் அந்தப் படியில் நிறுத்தி வைத்தது. அப்படியே ஏறிப் போய்த் தலையில் வைத்துவிடலாம். அவள் வண்டியில் ஏறுவாள். அல்லது கழுவிவிட்டு, கழுவவில்லை என்று சொல்லலாம். பொய் சொல்வதில் அவருக்கு முன்னால் நிற்க அந்தத் தெருவில் ஆள் இல்லை. ஆனால் அவர் சொன்ன பொய்களை எல்லாம் அவள் பொய் என்று தெரிந்துதான் கேட்டாள். தெரியாமல் கேட்க ஒன்றைக்கூட அவர் இதுவரை கொடுத்ததில்லை.

வீட்டு வாசலில், வெராண்டாக் குழாயடியில் சவர்க்காரத்தை எடுத்தார். இருபது விநாடிக்கு அவருக்கு மணிக்கூடு தேவையில்லை; மெதுவாகச் சொன்னால் ஒரு அருள்நிறைந்த மரியே செபம் சரியாக இருக்கும். ஆனால் இந்த ஐந்து மாதமாக அவர் 'எங்களுக்காக இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும் வேண்டிக்கொள்ளும்' என்ற கடைசி வரியை விழுங்கிவிடுவார். மரண நேரம் என்ற சொல்லை வாசலில் நின்று சொல்ல நாக்கு எழவில்லை. அதனால் அவர் பதினைந்து விநாடிதான் கழுவுகிறார் என்று மகளிடம் ஏச்சும் வாங்கியிருக்கிறார். இன்று விரலிடுக்கு, நகக்கண், பெருவிரலின் அடி என்று ஒவ்வொன்றாகத் தேய்த்தார். நுரை மணிக்கட்டுக்கு ஏறியது. அந்த இடம் வந்தபோது நிற்கவில்லை. ஆமென் வரை போனார்.

கதவை முழங்கையால் தள்ளினார். யோசெப்பின் கதவோரக் கதிரையில் இருந்தாள். தலையில் நீலத் துணி கட்டியிருந்தாள். மடியில் ஆஸ்பத்திரிப் பை இல்லை. அது கட்டிலடியிலேயே கிடந்தது.

"மூண்டாம் மாடியில தும்மினன், ஜோசி. முழங்கைக்குள்ளதான். வழுக்கிட்டுது. கம்பியப் பிடிச்சிட்டன். அதனால கழுவிட்டன்."

அவள் அவருடைய ஈரக் கையைப் பார்த்தாள்.

"காகம் ஒண்டும் இல்லையா இதில?"

"இல்ல."

வெளியே குழாயைச் சரியாக மூடாமல் வந்திருந்தார். அது சொட்டிக்கொண்டிருந்தது.

"ஒவ்வொரு நாளும் இங்க இருந்து கேக்கிறனான்," என்றாள் யோசெப்பின். "எங்களுக்காக எண்டு வந்ததும் தண்ணிய மூடிருவீங்க. மிச்சத்த நான்தான் உள்ளுக்க இருந்து சொல்லுவன். இண்டைக்கு எனக்கு மிச்சம் வைக்கல்ல."

ஹியூபேட் ஈரக் கையோடு அவளுக்கு முன்னால் போய் நின்றார்.

அவள் பின்னால் கையைக் கொண்டுபோய் முடிச்சை அவிழ்த்தாள். துணி மடியில் விழுந்தது. வெறுந்தலையில் காலை வெயில் பட, குழந்தையின் கன்னத்தில் இருப்பதுபோல ஒரு மெல்லிய பஞ்சு தெரிந்தது. நேற்று அது அங்கே இருந்ததா என்று அவருக்கு நிச்சயமில்லை. அவர் வலது கையை நீட்டினார். துடைக்கத் துணி தேடவில்லை. கீழே தெருவில், இரண்டு மணித்தியாலம் முந்தியே வந்து நின்றுகொண்டு, டெரிக் ஹோர்ன் அடித்தான்.

கை இன்னும் தலையைத் தொடவில்லை. நடுவிரலின் நுனியிலிருந்து ஒரு துளி கழன்று அவள் உச்சியில் விழுந்தது. அது அந்தப் பஞ்சுக்குள் வழி தேடி, நெற்றிக்கு இறங்குவதா காதுக்குப் போவதா என்று சற்றே தயங்கி நின்றது. அவள் கண்ணை மூடிக்கொண்டு, அசையாமல், அடுத்த துளிக்காக இருந்தாள்.