தப்பான வீட்டுக்குப் போன தீயணைப்பு வண்டி

1

இந்தக் கதை ஒரே ஒரு சொல்லிலிருந்து பிறந்தது. என் தங்கை கணவரின் மருத்துவ அறிக்கையில் 'கணைய அழற்சி' என்று போட்டிருந்தது. முப்பது வருடம் தீயணைப்பு வண்டி ஓட்டியவர். குறட்டையின் மகிமையால் வீட்டில் அவர் பெயர் சைரன்.

"அழல்னா நெருப்புதானே மச்சான்? என் வயித்துல தீப்பிடிச்சிருக்கு, எனக்கே தகவல் வரலையே!"

2

தொடக்கம்: அந்தி வானம் சிவந்திருந்தபோது, கணையம் என்னும் மென்மையான—

(வேண்டாம். கணையத்தை நான் பார்த்ததே இல்லை. அன்றைக்கு வானத்தையும் பார்க்கவில்லை.)

மருத்துவர் படத்தில் ஒரு வீக்கத்தைக் காட்டினார். "சதை எடுத்துப் பார்த்ததுல புற்று தெரியல. ஆனா அதை மட்டும் நம்ப முடியாது. உடம்பைக் காக்குற செல்களே கணையத்தை எதிரின்னு நெனச்சு அடிக்கலாம். ரெண்டு வாரம் ஸ்டீராய்டு மாத்திரை. அந்தச் செல்லுங்க அடங்கி வீக்கம் சுருங்குனா நல்லது. இல்லைன்னா ஆபரேஷன்தான்."

"அங்க உண்மையான எதிரி யாரு டாக்டர்?" என்றார் சைரன்.

"யாருமே இல்ல."

சைரன் வெளிறிப்போனார்.

3

(இந்த இடத்தில் என் பாத்திரத்தையே நான் நம்பவில்லை. தங்கை சத்தியம் செய்ததால் எழுதுகிறேன்.)

ஒருமுறை எட்டாம் தெரு மூன்றாம் எண்ணுக்குப் போக வேண்டிய வண்டியை, மூன்றாம் தெரு எட்டாம் எண்ணுக்கு விட்டுவிட்டார். கதவை உடைத்தார்கள். உள்ளே ஒருவர் முகமெல்லாம் நுரையோடு சவரம் செய்துகொண்டிருந்தார். சோபா, மெத்தை, அவர், எல்லாவற்றையும் நனைத்தார்கள்.*

"எப்படி நிறுத்துனீங்க மாப்ளே?"

"அந்த மனுஷன் என் சட்டையைப் புடிச்சு, 'ஐயா, இது மூணாவது தெரு'ன்னாரு. குழாயை மூடிட்டோம்."

இப்போது ஒவ்வொரு மாத்திரையை விழுங்கும்போதும் வயிற்றைத் தட்டிச் சொல்கிறார்: "தம்பிகளா, இது மூணாவது தெரு."

"வயித்துக்குக் காது இருக்காக்கும்!" என்கிறாள் தங்கை.

"உள்ள இருக்குற பசங்களுக்கு இருக்கும்டி."

* நுரையைப் புகை என்று நினைத்தோம் என்பது விசாரணையில் சைரன் சொன்ன பதில்.

4

முதல் முடிவு: வீக்கம் சுருங்கியது. தங்கை கேட்பது இதைத்தான். "எழுதுறது நீதானே அண்ணே, சுருங்கிடுச்சுன்னு எழுதிடேன், கை என்ன தேஞ்சா போயிடும்?"

இரண்டாம் முடிவு: வீக்கம் அப்படியே—

(இந்த வரியை அடித்தது நானல்ல, தங்கை. பேனாவும் அவளுடையது.)

மூன்றாவது: இன்று பதினைந்தாம் நாள். சைரன் ஸ்கேன் இயந்திரத்துக்குள் படுத்திருக்கிறார். கதவுக்கு வெளியே தங்கையும் நானும். உள்ளேயிருந்து ஒலிபெருக்கிக் குரல் கேட்கிறது: "மூச்சை நல்லா இழுங்க. அப்படியே நிறுத்துங்க."

தங்கையும் நிறுத்திவிட்டாள். பார்த்துவிட்டு நானும் நிறுத்தினேன். நீங்களும் கொஞ்சம் நிறுத்துங்கள். விடச் சொல்ல வேண்டியவர் அந்த அறைக்குள் இருக்கிறார்.