கிங்ஸ்லியின் எழுபத்தைந்து கிலோ

தென்காசியில் வீல் அலைன்மென்ட் கடை வைத்திருக்கிறேன். என் பைக்கின் முன்சக்கரம் இரண்டு வருடமாக இடப்பக்கம் இழுக்கிறது. ஊரார் சக்கரத்தை நேராக்கவே பொழுது சரியாக இருக்கிறது என்று சொல்லித் திரிகிறேன். உண்மையான காரணம் சோம்பல்.

ஜூன் மாதம், சாரல் பிடித்துக்கொண்ட ஒரு காலையில் கிங்ஸ்லியின் மனைவி முத்துசெல்வி கார் ஓட்டிக்கொண்டு வந்தாள். வாசல் மேட்டில் வண்டியின் அடிவயிறு உரசிய சத்தத்திலேயே எந்தக் கார் என்று தெரிந்துவிட்டது. கிங்ஸ்லியின் பழைய ஜென். போன ஆகஸ்டில் அவன் இறந்த பிறகு அது என் கடைப் பக்கம் வரவில்லை. நானும் அவன் வீட்டுப் பக்கம் போகவில்லை.

கிங்ஸ்லி பஸ் ஸ்டாண்டு அருகே மிக்ஸியும் ஃபேனும் விற்றவன். ஆறாம் வகுப்பிலிருந்து என் சிநேகிதன். வருடத்துக்கு நாலு தடவை கோயம்புத்தூர் போய் ஆட்டோகிராஸ் ஓட்டுவான். மைதானத்தில் கூம்புகளை நட்டு வைத்திருப்பார்கள். ஒவ்வொரு காராக அவற்றைச் சுற்றி வளைந்து வளைந்து வரவேண்டும். கூம்பைத் தட்டாமல் யார் சீக்கிரம் வருகிறாரோ அவர் ஜெயித்தவர். இதற்காக அவன் ஸ்பிரிங்குகளை மாற்றி வண்டியைத் தரையோடு தாழ்த்தினான். நான் என் பங்குக்கு முன்சக்கரங்களின் தலையை உள்ளே சாய்த்து, மூக்கை லேசாக வெளியே திருப்பி வைத்தேன். அப்படி வைத்தால் ஸ்டீயரிங்கைத் தொட்டதுமே வண்டி திரும்பும். அதே வண்டியைத் தினமும் தெருவில் ஓட்டினால் டயரின் உள்விளிம்பு கரைந்துபோகும்.

"அண்ணே, நேத்து ஐந்தருவி ரோட்டு வளைவுல வண்டி வழுக்கிட்டு," என்றாள் முத்துசெல்வி. "பின்னால பாப்பா இருந்தா. டயர் புதுசு மாதிரிதான் இருக்கு. பட்டன்லாம் அப்படியே தெரியுது."

வண்டியை லிஃப்டில் ஏற்றி அவளைக் குனிந்து பார்க்கச் சொன்னேன். வெளிப்பக்கம் டயரின் மேடுபள்ளமெல்லாம், அவள் சொன்ன பட்டன், நன்றாகத்தான் இருந்தது. உள்பக்கம் வழுக்கை. ஒரு இடத்தில் கம்பி நூல் நூலாக வெளியே வந்திருந்தது. அவள் விரலால் தொடப் போனாள். குத்தும் என்று தடுத்தேன்.

"இதைத் தெருவுல ஓடுத வண்டியா ஆக்கித் தாங்கண்ணே. நான் தெனமும் சுந்தரபாண்டியபுரம் பள்ளிக்கூடத்துக்குப் போகணும். பழைய ஸ்பிரிங்கு நாலும் பரண்ல சுத்தி வச்சிருந்தாங்க. டிக்கில கெடக்கு."

"நட்டெல்லாம் துருப்பிடிச்சிருக்கும்மா. இப்போதைக்குப் புது டயர் மட்டும் போட்டுருவோமே."

"புது டயரும் இப்பிடித் தேயாதா?"

"தேயும்."

"பொறவு?"

ஆசிரியையிடம் மாட்டிக்கொண்டால் இப்படித்தான். சக்கரத்தின் சாய்வைப் பிடித்திருக்கும் அந்த நட்டில் துரு ஒன்றும் இல்லை. நானே கிரீஸ் போட்டு முடுக்கிய நட்டு. அந்தக் காரில் அவனும் நானும் சேர்ந்து செய்த கடைசி வேலை அது. அதைக் கலைக்க எனக்குத்தான் கை வரவில்லை. வண்டியின் சொந்தக்காரிக்கோ பிள்ளை உயிர் பெரிது.

முதலில் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றினேன்; மத்தியானம் ஆகிவிட்டது. வண்டி நான்கு விரற்கடை உயர்ந்து, முட்டிக்கால் போட்டிருந்தவன் எழுந்து நிற்பது போல நின்றது. அலைன்மென்ட் தொடங்கும்போது அவள் மூலையைக் காட்டினாள்.

"அதென்ன மூட்டை? 'கி'ன்னு எழுதியிருக்கு."

ஐந்து மணல் மூட்டைகள். ஒவ்வொன்றும் பதினைந்து கிலோ. தாழ்த்திய சின்ன வண்டியில் ஆள் ஏறினால் அந்தப் பக்கம் அமுங்கும், சக்கரத்தின் சாய்வு மாறிவிடும். அதனால் ஓட்டுகிறவனின் எடையை சீட்டில் வைத்துத்தான் அளவு பிடிப்பேன். கிங்ஸ்லி எழுபத்தைந்து கிலோ. அரிசிக்கடைத் தராசில் நிற்கவைத்து எடை பார்த்தோம். கடைக்காரர் அவனைப் பொன்னியா பச்சரிசியா என்று கேட்டார்.

சொல்லிவிட்டுச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"போன வருசம் மார்ச்சுலயும் அஞ்சு மூட்டைதான் வச்சியளா?"

"ஆமா."

"மார்ச்சுல அவங்க அறுவத்தோரு கிலோல்லாண்ணே."

ஸ்பேனரைத் துடைத்தேன். ஏற்கெனவே துடைத்த ஸ்பேனர்தான். பத்து மாதமாக நான் அந்த வீட்டுக்குப் போகாத காரணத்தை இனி மறைக்க முடியாது என்று தோன்றியது.

"அவன் சொன்னாம்மா," என்றேன். "'லே மாதேவா, ஒரு மூட்டைய எறக்கிரு'ன்னான். ஏம்லே, செல்வி சோறு போடுததை நிறுத்திட்டாளான்னு கேட்டேன். சிரிச்சான். என் அளவுல கை வைக்காத, ஓட்டுத வேலைய மட்டும் பாருன்னு அஞ்சையும் ஏத்துனேன். கோயம்புத்தூர் போயி ஓட்டிட்டு ஃபோன் போட்டான். 'கடைசி எடம் லே, வண்டி திரும்பவே யோசிக்கு'ன்னான். ஓட்டத் தெரியாதவன் வண்டியக் குறை சொல்லுதான்னு சொன்னேன்."

வண்டி யோசிக்கவில்லை. அவன் கையில் ஸ்டீயரிங்கைச் சுழற்றத் தெம்பில்லை. அந்த மே மாதம் திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் வயிற்றில் கட்டி என்றார்கள். அரை டிகிரி சாய்வைக் கண்ணால் சொல்லுவேன் என்று பீற்றுகிறவன் நான். பதினாலு கிலோ குறைந்து எதிரில் நின்றவனைப் பார்க்கவில்லை.

முத்துசெல்வி ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்தாள். வெளியே சாரல் தகரத்தில் பொடிப்பொடியாக விழுந்துகொண்டிருந்தது.

"பிப்ரவரில இடுப்பு பெல்ட்டு லூசாயிருச்சுன்னு குடுத்தாங்க," என்றாள். "நான்தான் ஆணி வச்சு அடிச்சு ஓட்டை போட்டுக் குடுத்தேன். மார்ச்சுல இன்னொண்ணு. ரேசுக்கு எடை குறைஞ்சா நல்லதுன்னு சொன்னாங்க. நானும் சரின்னுட்டேன். ரெண்டு ஓட்டை, அண்ணே. என் கையால."

ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு மீதியைத் திருப்பித் தந்தாள். அதை நான் குடித்தேன்.

"மூட்டை வேண்டாம்," என்றேன். "நீயே ஏறி உக்காரு. ஓட்டப்போறது நீதான."

ஏறினாள். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை இருந்தது. கால் எட்டுவதற்காகப் பத்து மாதமாக அதை வைத்தே ஓட்டியிருக்கிறாள். சீட்டை முன்னால் தள்ளவில்லை. அவன் விட்ட இடத்திலேயே கிடந்தது.

"தள்ளட்டுமாம்மா?"

தலையணையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "தள்ளுங்க," என்றாள்.

கம்பியைத் தூக்கி சீட்டை நான்கு பல் முன்னால் நகர்த்தினேன். அதற்கப்புறம் அந்தச் சாய்வு நட்டைக் கழற்ற என் கைக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை. சக்கரங்களை நிமிர்த்தினேன், மூக்கை நேராக்கினேன், புது டயர் போட்டேன். ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்து ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். குற்றாலம் ரோட்டில் கார் கோடு போட்டது போல நேராகப் போனது. கிங்ஸ்லி பார்த்திருந்தால் கொதித்திருப்பான். நேராகப் போகிற வண்டியில் என்னலே இருக்கு என்பான்.

மூட்டைகள் மூலையில்தான் இருக்கின்றன. இப்போது எந்த வண்டி வந்தாலும், தாழ்த்தியதோ தாழ்த்தாததோ, ஓட்டுகிறவரை சீட்டில் உட்காரச் சொல்லி எடை கேட்கிறேன். போன வருடம் எவ்வளவு இருந்தது என்றும் கேட்கிறேன். செங்கோட்டை அண்ணாச்சி ஒருவர் கோபித்துக்கொண்டார்.

"நீ அலைன்மென்ட் பாக்கியா, பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்கியா?"

"சும்மா சொல்லுங்க அண்ணாச்சி."

"எம்பத்திரெண்டு. போன வருசமும் எம்பத்திரெண்டு."

சரி என்று குனிந்து வேலையைத் தொடங்கினேன். ஆனாலும் அவர் இறங்கும்போது, இடுப்பில் பெல்ட் எந்த ஓட்டையில் நிற்கிறது என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டேன்.