ஆண்டின் கடைசிச் சனிக்கிழமை

நவம்பர் கடைசியில் வரும் கிறிஸ்து அரசர் பெருவிழா முடிந்த செவ்வாய்க்கிழமை காலை, இனி டயாலிசிஸுக்குப் போவதில்லை என்று தங்கபுஷ்பம் சொல்லிவிட்டாள்.

ஆறரை மணிக்கு டில்லிபாபுவின் ஆட்டோ வாசலில் வந்து நின்றிருந்தது. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் அவன்தான் அவளை அடையாறு இந்திரா நகரிலிருந்து மந்தைவெளிக்குக் கூட்டிப் போவான். அங்கே ஓர் அறக்கட்டளையின் டயாலிசிஸ் மையம் இருந்தது. நான்கு வருடப் பழக்கம். அவள் கணவர் தனபாலன் போர்வையும் பிஸ்கட்டும் வைத்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, செருப்பும் போட்டுவிட்டார். அவள் கட்டிலை விட்டு எழவில்லை.

"இனிமே போவ வேண்டாம்ங்க. சனிக்கிழமையோட எல்லாம் முடியப் போவுது. அதுக்குள்ள என்னத்துக்கு ஊசி?"

எது முடியப் போகிறது என்று கேட்க வாயெடுத்தவருக்கு, கேட்பதற்குள் விளங்கிவிட்டது. இரண்டு மாதமாக அவள் போனில் ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தாள். ஜெபக்குழு ஒன்றில் யாரோ அனுப்பும் குரல்பதிவுகள். திருச்சபையின் இந்த ஆண்டு முடிகிற கடைசிச் சனிக்கிழமை சூரியன் மறைந்ததும் மூன்று நாள் இருட்டு வரும், ஆண்டவர் வருவார், ஜன்னல்களை மூடிவிட்டு மந்திரித்த மெழுகுதிரி ஏற்றிக் காத்திருங்கள் என்று அந்தக் குரல் அழுதுகொண்டே சொல்லும். தனபாலன் இதை இரண்டு முறை கண்டித்திருக்கிறார். அதன் பிறகு அவள் காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு கேட்டாள்.

திருச்சபையின் ஆண்டு ஜனவரியில் தொடங்குவதில்லை. நவம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமையோடு முடிந்து, மறுநாள் ஞாயிறு, கிறிஸ்துமஸுக்காகக் காத்திருக்கும் திருவருகைக்காலத்தோடு மறுபடி தொடங்கும். முடிகிற வாரங்களில் பூசையில் படிக்கும் வாசகங்கள் எல்லாம் முடிவைப் பற்றித்தான் இருக்கும். இருண்டுபோகும் சூரியன், இடிந்து விழும் ஆலயம், மண்ணுக்குள்ளிருந்து எழுந்து வரும் இறந்தவர்கள். தனபாலன் பங்குக் கோயிலில் பத்தொன்பது வருடமாகப் பூசையில் வேதம் படிக்கும் வாசகர். தியாகராய நகரில் ஒரு பாத்திரக்கடையில் வேலை பார்த்த காலத்திலும் ஞாயிறு முதல் பூசைக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாசக மேடையில் நிற்பார். ஒன்பது நாளைக்கு முன்புகூட அந்த வாசகம் ஒன்றைப் படித்துவிட்டு வந்து இட்லி சாப்பிட்டார். அது தன் வீட்டுக்குள் இப்படி நுழையும் என்று நினைத்ததில்லை.

"தேதி யாருக்கும் தெரியாது புஷ்பம். சேசுவே எனக்குத் தெரியாதுன்னுதான் சொன்னாரு. இவளுக்கு மட்டும் எப்படித் தெரியும்?"

"தெரியாதுன்னா, இந்தச் சனிக்கிழமையாவும் இருக்கலாம்லா?"

அவர் தோளிலிருந்த பையை இறக்கி வைத்தார். வெளியிலிருந்து டில்லிபாபு எட்டிப் பார்த்தான். "இன்னா சார், அம்மாக்கு உடம்பு சரியில்லயா?"

"இன்னைக்கு வேண்டாம்ப்பா," என்று அவனை அனுப்பிவிட்டார். ஒரு நாள்தானே, வியாழக்கிழமைக்குள் பேசிச் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தார்.

புதன்கிழமை அவள் கால் இரண்டும் வீங்கின. சிறுநீர் வராத உடம்பு. குடிக்கும் ஒவ்வொரு மடக்கும் உள்ளேயே தங்கும். வேளச்சேரியில் இருக்கும் மகள் சிந்து போனில் கத்தினாள், பிறகு கெஞ்சினாள், பிறகு அழுதாள். அம்மா அவளிடம் சாந்தமாகப் பேசினாள். பேத்தியின் சளி குறைந்ததா என்று விசாரித்தாள். பகலில் பக்கத்துக் கடையிலிருந்து கறுப்பு அட்டைக் காகிதம் வாங்கி வரச் சொன்னாள். தனபாலன் மறுத்துவிட்டார். தங்கபுஷ்பம் வேலைக்கு வரும் பெண்ணை அனுப்பி வாங்கி, கூடத்து ஜன்னலில் ஒட்டினாள். நாற்காலியில் ஏறி நின்று, மூச்சிரைக்க, ஒவ்வொரு ஓரமாக அழுத்தி ஒட்டினாள்.

வியாழக்கிழமையும் ஆட்டோ வந்து திரும்பிப் போனது. தனபாலன் கோயிலுக்கு ஓடி, பங்குத்தந்தை இன்னாசியைக் கையோடு அழைத்து வந்தார். சாமி நாற்பது வயதுக்காரர், அவசரப்படாதவர். கறுப்புக் காகிதத்தைப் பார்த்துவிட்டு, கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அம்மா, அவர் வருவார்ங்கிறது நம்ம விசுவாசம். ஒவ்வொரு பூசையிலும் சொல்றோம். ஆனா தேதி விசுவாசம் இல்ல. தேதி சொல்றவங்களை நம்பக் கூடாதுன்னு அவரே எச்சரிச்சிருக்கார். திருச்சபை வருஷா வருஷம் முடிவைப் பத்தி வாசிச்சிட்டு, மறுவாரம் மறுபடி முதல்ல இருந்து காத்திருக்கச் சொல்லுது. ரெண்டாயிரம் வருஷமா அப்படித்தான்."

"காத்திருக்கதுக்கும் ஒரு அளவு இருக்குல்லா சாமி," என்றாள் தங்கபுஷ்பம்.

 அவள் தன் பாவங்களைச் சாமியிடம் தனியாகச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்றாள். தனபாலன் வெளியே போய்ப் படியில் உட்கார்ந்தார். கால் மணி நேரம் ஆயிற்று, அரை மணி நேரம் ஆயிற்று. சாமி அவளுக்கு எண்ணெய் தொட்டு நோயில்பூசுதல் கொடுத்து, நற்கருணை நன்மையும் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன சொன்னா சாமி?"

"அதை நீங்க என்கிட்ட கேக்கக் கூடாது," என்றார் சாமி. பிறகு, "நாளைக்கும் வரேன்" என்றார். ஆனால் மறுநாள் புயல் சின்னம் நெருங்கி வந்து, கோயிலுக்குப் பின்னால் இருந்த குடும்பங்களைப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றும் வேலையில் அவர் மாட்டிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து மழை. தங்கபுஷ்பத்தால் படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது. சுவரில் தலையணை வைத்துச் சாய்ந்தபடி உட்கார்ந்திருந்தாள். முகம் ஊதி, கண்கள் சிறுத்துவிட்டன. தனபாலன் அவளுக்குத் துடைக்கத் துண்டு எடுக்க அலமாரியைத் திறந்தார். உள்ளே புடவைகள் மூன்று அடுக்காகப் பிரித்து வைக்கப்பட்டிருந்தன. மயில்கழுத்து நிறப் பட்டின் மேல் ஒரு துண்டுச் சீட்டு: சிந்துவுக்கு. கீழே ஒரு பள்ளிக்கூட நோட்டு. முதல் பக்கத்தில் அவளுடைய கோணல் எழுத்து.

கேஸ் புக் பண்ண இந்த நம்பர். குக்கருக்கு மூணு விசில், பச்சரிசின்னா ரெண்டு. உங்க மஞ்ச மாத்திரை சாப்பாட்டுக்கு முந்தி. மழை பெஞ்சா பாத்ரூம் ஜன்னலுக்குச் சாக்கு வைக்கணும். பெரிய இட்லிச் சட்டி கோயிலுக்கு. சிந்து கூட இருக்கச் சொன்னா போய் இருங்க, ரோஷம் பாக்காதீங்க.

நான்கு பக்கம் எழுதியிருந்தாள். தனபாலன் அதை நின்றபடியே படித்தார். மறுபடியும் முதலிலிருந்து படித்தார். பிறகு நோட்டைக் கொண்டுபோய் அவள் மடியில் வைத்தார்.

"நாளைக்கு உலகம் முடிஞ்சிருமுன்னு சொன்ன. எனக்கு கேஸ் நம்பர் என்னத்துக்கு?"

அவள் நோட்டைப் பார்த்தாள். மூடினாள்.

"அந்தப் பொம்பள பேசுதத நீ நம்பவே இல்ல."

"நம்பணும்னு ஆசப்பட்டேன்," என்றாள். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சை இழுத்துக்கொண்டாள். "நாலு வருஷம்ங்க. வாரம் மூணு நாளு. கையப் பாருங்க, ஊசி குத்திக் குத்தி அரணை ஓடுன மாதிரி. ஒரு டம்ளர் தண்ணி முழுசாக் குடிச்சி எத்தன நாளாச்சு. இதுக்கு ஒரு முடிவு கிடையாது. நானா நிறுத்துனா பாவம்லா. அவரு வந்துட்டா அது என் கையில இல்ல."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்லா."

"உலகம் முடியுதுன்னா நீங்க கோவப்படுவிய. எனக்குப் போதும்னு சொன்னா அழுவிய. கோவத்தத் தாங்கிக்கிடலாம்."

தனபாலன் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தார். பத்தொன்பது வருடமாக மைக் முன்னால் நின்று படித்த எந்த வாசகமும் அவருக்கு அப்போது உதவவில்லை. அவள் வீங்கிய பாதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அழுத்திய இடத்தில் விரல் பதிந்து குழியாகவே நின்றது.

சனிக்கிழமை புயல் கரையை நெருங்கியது. பகல் பன்னிரண்டு மணிக்கே விளக்குப் போட வேண்டியிருந்தது. பிறகு மின்சாரமும் போனது. தெருவில் தண்ணீர் ஏறி வாசற்படியைத் தொட்டது. சிந்து வேளச்சேரியில் மாடியிலேயே மாட்டிக்கொண்டு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போன் செய்தாள். தங்கபுஷ்பம் ஜெபமாலையைக் கையில் பிடித்திருந்தாள். ஆனால் மணிகள் நகரவில்லை. மதியம் இரண்டு மணிக்கு அவள் இருமியபோது இளஞ்சிவப்பு நுரை வந்தது. கண்கள் விரிந்தன. அவர் சட்டையைப் பற்றி இழுத்தாள்.

"முங்குத மாதிரி இருக்குங்க," என்றாள். "இப்படி வேண்டாம். இப்படி வேண்டாங்க."

ஆம்புலன்ஸுக்கு அழைத்தால் ஒரு மணி நேரமாகும் என்றார்கள். தனபாலன் டில்லிபாபுவை அழைத்தார். வருவான் என்று நம்பி அழைக்கவில்லை. இருபது நிமிடத்தில் இடுப்பு வரை நனைந்து அவன் கூடத்தில் நின்றான்.

"வண்டி மெயின் ரோட்ல கீது சார். உள்ள வந்தா இஞ்சின் பூடும். சேரோட தூக்கிக்கினு போய்டலாம்."

பிளாஸ்டிக் நாற்காலியில் அவளை உட்காரவைத்து, இருவரும் முழங்கால் தண்ணீரில் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். தனபாலனுக்கு அறுபத்து மூன்று வயது. இரண்டு முறை கால் இடறியது. மழை அவள் முகத்தில் நேராக விழுந்தது. குடை பிடிக்க யாருக்கும் கை இல்லை. ஆட்டோவில் ஏற்றியதும் அவள் தலையைத் தன் தோளில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார்.

"பிரிட்ஜ் ஏறிட்டா போதும் நைனா," என்று டில்லிபாபு சொல்லிக்கொண்டே இருந்தான். யாரிடம் சொல்கிறான் என்று தெரியவில்லை. பாலத்துக்குக் கீழே அடையாறு பழுப்பாகப் பொங்கி ஓடியது. கிரீன்வேஸ் சாலையில் ஒரு மரம் விழுந்து கிடந்தது. நடைபாதையில் ஏற்றி ஓட்டினான். தனபாலன் ஜெபிக்க முயன்றார். ஒரு முழு வாக்கியம்கூட வரவில்லை. இன்றைக்கு வேண்டாம், இன்றைக்கு வேண்டாம் என்பது மட்டும்தான் வந்தது.

மையத்தில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. டெக்னீஷியன் நூர் முஹம்மது முந்தின நாளிலிருந்து வீட்டுக்குப் போகாமல் அங்கேயே இருந்தான். அவளைப் பார்த்ததும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. முகத்தில் ஆக்ஸிஜனை மாட்டினான். பணியில் இருந்த டாக்டர், இது பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நிலைமை, ஆனால் போகிற வழியிலேயே உயிர் போய்விடும், இங்கேயே தொடங்குகிறேன், உத்தரவாதம் கிடையாது என்றார். தனபாலன் தலையாட்டினார்.

இரண்டு மணி நேரம். தனபாலன் சுவரோரம் ஈர உடையோடு நின்றார். ஐந்தரை மணிக்கு அவள் மூச்சின் சத்தம் மாறியது. கொரகொரப்பு அடங்கி, சாதாரணமாக ஏறி இறங்கியது. நூர் முஹம்மது அவளுடைய கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அம்மா, கேக்குதா? அடுத்த தபா லேட் பண்ணாதீங்க" என்றான்.  திரும்பி மெஷினைச் சரிபார்ப்பதுபோல நின்றுகொண்டான்.

சாயங்காலம் அவள் கண்ணைத் திறந்தாள். தனபாலன் குனிந்தார்.

"கூட்டியாந்துட்டியளே," என்றாள். அதில் நன்றியும் இல்லை, கோபமும் இல்லை.

"ஆமா." அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இனிமே நான் உன்ன ஏமாத்திக் கூட்டியார மாட்டேன், பயமுறுத்திக் கூட்டியார மாட்டேன். ஆனா நீ என்கிட்ட நேராச் சொல்லணும்."

அவள் முகத்தை அவர் பக்கம் திருப்பினாள். "கிறிஸ்மஸ் வரைக்கும் வாரேன். அப்பறம் நீங்க கேளுங்க. நான் சொல்லுதேன்."

"சரி" என்று சொல்வதற்கு அவருக்கு இருந்த பலமெல்லாம் தேவைப்பட்டது.

அடுத்த வாரம் இன்னாசி சாமி வந்தார். சிகிச்சையை நிறுத்துவது பாவமா என்று தனபாலன் அவரிடம் கேட்டார், மனைவி எதிரிலேயே கேட்டார். சாமி நேராகப் பதில் சொன்னார். சாகவேண்டும் என்று உயிரை முடித்துக்கொள்வது வேறு. உடம்பால் தாங்க முடியாத பாரமாகிவிட்ட சிகிச்சையை, டாக்டரோடும் குடும்பத்தோடும் பேசி இறக்கிவைத்துவிட்டு, சாவு வரும்போது அதை ஏற்றுக்கொள்வது வேறு. இரண்டாவதைத் திருச்சபை பாவம் என்று சொல்வதில்லை. "ஆனா விரக்தியில முடிவெடுக்காதீங்க. மூச்சு நல்லா இருக்கிற நாள்ல எடுங்க." தங்கபுஷ்பம் அன்றைக்குத்தான் அழுதாள். இத்தனை நாள் இதை யாரும் எனக்குச் சொல்லவில்லையே என்றாள்.

கிறிஸ்துமஸ் வந்து போனது. தனபாலன் கேட்டார். "சாம்பல் புதன் வரைக்கும்" என்றாள். அந்த இரண்டு மாதத்தில் பேத்திக்குப் பின்னல் போடக் கற்றுக்கொடுத்தாள். இரண்டு முறை கையில் ஊசி ஏற்றும் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டு, டயாலிசிஸுக்காகக் கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைத்தார்கள். அதற்குப் பிறகு ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை.

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று சாமி வீட்டுக்கு வந்து நெற்றியில் சாம்பல் பூசிவிட்டுப் போன பிறகு, தனபாலன் கேட்டார். சமையலறை வாசலில் நின்றுகொண்டு கேட்டார். உள்ளே வந்து கேட்க முடியவில்லை.

"போதும்ங்க," என்றாள் அவள். மூச்சு நன்றாகத்தான் இருந்தது.

டாக்டரைப் பார்த்தார்கள். மூச்சு முட்டாமல் இருக்க மருந்து கொடுப்பதாகச் சொன்னார், வீட்டுக்கு வந்து பார்ப்பதாகவும் சொன்னார். சிந்து லீவு போட்டுவிட்டு வந்து கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துக்கொண்டாள். தங்கபுஷ்பம் ஒரு டம்ளர் நன்னாரி சர்பத் கேட்டாள், ஐஸ் போட்டு. முழுவதையும் குடித்தாள். கடைசித் துளிக்கு டம்ளரைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஒன்பதாம் நாள், ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அவள் இறந்தாள். சிந்து பாதத்தைப் பிடித்திருந்தாள். தனபாலன் தலைமாட்டில் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார். பாதியில் அவர் குரல் நின்றுவிட்டது. மீதியை மகள் சொல்லி முடித்தாள்.