பெஞ்சில் விட்ட இடம்

அட்டவணை சரியாகத்தான் இருந்தது. அதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்காவது ஒரு தப்பு அகப்பட்டிருந்தால் திருத்திவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பாள். முதலிலிருந்து மறுபடி ஓட்டிப் பார்த்தாள். மூல விடைத்தாள்களில் ஒரு கட்டை உருவி, கணினியில் ஏறியிருப்பதோடு ஒத்துப் பார்த்தாள். எல்லாம் அச்சுப் பிசகாமல் இருந்தது.

மருத்துவமனையின் ஆராய்ச்சிப் பிரிவில் அவளுக்குப் புள்ளி என்று பெயர். புள்ளியியல் பார்ப்பவள் என்று யாரோ விளையாட்டாகச் சொல்லப்போய் அப்படியே ஒட்டிக்கொண்டது. கேன்டீனுக்குள் நுழைந்தால், "வழி விடுங்கப்பா, பெரும்புள்ளி வந்தாச்சு" என்று ஒரு குரல் வரும். அவளும் சிரித்துவைப்பாள்.

ஆராய்ச்சி இதுதான். மூளையில் கட்டி வந்தவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறார்களே, மனைவியோ கணவனோ மகளோ மருமகளோ, அவர்களுக்கு அது எவ்வளவு சுமையாக இருக்கிறது என்று அளப்பது. ஒவ்வொரு கேள்விக்கும் 'இல்லவே இல்லை' என்றால் பூஜ்யம், 'எப்போதும்' என்றால் நான்கு. முதல் சுற்றில் இருநூற்றுச் சொச்சம் வீடுகளில் கேட்டு முடித்தாகிவிட்டது. சராசரி தரையோடு தரையாகக் கிடந்தது.

துறைத் தலைவருக்கு வாயெல்லாம் பல். "பாத்தீங்களாம்மா? யாருக்கும் பெரிசா சுமையே இல்ல. அப்புறம் எதுக்கு வீடு வீடா நர்ஸ் அனுப்பிக்கிட்டு? வெள்ளிக்கிழமை கமிட்டியில வெச்சிடலாம். உங்க கையெழுத்து மட்டும்தான் பாக்கி."

வாரத்தில் சில நாள் மருத்துவமனையிலிருந்து ஒரு சிஸ்டர் வந்து, நோயாளியைக் குளிப்பாட்டி, புண் வராமல் புரட்டிப் படுக்கவைத்து, கை கால்களை அசைத்துப் பழக்கிவிட்டுப் போவார். அந்தத் திட்டத்துக்குத்தான் வெள்ளிக்கிழமை மூடுவிழா. புள்ளியின் வீட்டுக்கும் அந்த சிஸ்டர் வந்துகொண்டிருந்தார். அவளுடைய அண்ணனுக்குத் தலையில் கட்டி. அறுவைக்குப் பிறகு இடப்பக்கம் கையும் காலும் சொன்னபடி கேட்பதில்லை. அண்ணி மருந்துக்கடை வேலையை விட்டுவிட்டு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த ஆராய்ச்சியில் தன் வீடும் இருக்கிறது என்பதைப் புள்ளி முதல் நாளே தலைவரிடம் எழுதிக் கொடுத்திருந்தாள். அதனாலேயே இப்போது தன் கோபத்தின் மேல் அவளுக்கே சந்தேகம். கணக்கு தப்பென்று கோபமா, இல்லை, நம் வீட்டு சிஸ்டர் நின்றுவிடுவாரே என்று கோபமா?

மறுநாள் அவளுக்குக் காய்ச்சல். லீவு சொல்லிவிட்டு உள்ளறையில் படுத்திருந்தாள். முன்னறையில் சாய்வு நாற்காலியில் அண்ணன். இரண்டாம் சுற்றுக்குக் கேள்வி கேட்கும் பெண் அன்றைக்குத்தான் வந்து சேர்ந்தாள். மெலிந்த, கண்ணாடி போட்ட பெண். அண்ணி ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து அண்ணனுக்குப் பக்கத்திலேயே போட்டாள். கதவு ஒருக்களித்திருந்ததால் புள்ளிக்கு எல்லாம் தெரிந்தது.

"அவரைப் பாத்துக்கறதால உங்களுக்குன்னு நேரமே இல்லாம போச்சுன்னு தோணுதா?"

"சேச்சே. அதெல்லாம் இல்ல."

"இவளுக்கு என்னம்மா வேலை?" என்றார் அண்ணன். "நான் பாட்டுக்கு ராஜா மாதிரி உக்காந்திருக்கேன். சிம்மாசனத்தைத் துடைக்கிறது மட்டும்தான் இவ வேலை."

கண்ணாடிக்காரி சிரித்தாள். அண்ணியும் சிரித்தாள். முந்தின நாள் குளியலறையில் வழுக்கப்போனவரை அண்ணி தாங்கிப் பிடித்ததில் அவள் மணிக்கட்டு பிசகியிருந்தது. கட்டுப் போட்ட அந்தக் கையைப் புடவைத் தலைப்புக்குள் மறைத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"கையில என்னக்கா?"

"குழாயில இடிச்சுக்கிட்டேன்."

"உங்க உடம்பு கெட்டுப்போகுதுன்னு தோணுதா?"

"இல்ல."

"எப்பவாவது அவர் மேல கோபம் வருதா?"

அண்ணி அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் அண்ணியைப் பார்த்தார். ஒரு பள்ளிக்கூடப் பையன் ரேங்க் அட்டையை நீட்டிவிட்டு நிற்பதுபோல இருந்தது அவர் முகம்.

"இவர் மேலயா? எதுக்கு வரணும்?"

பூஜ்யம். கண்ணாடிக்காரி குறித்துக்கொண்டாள்.

புள்ளிக்குக் காய்ச்சலோடு இன்னொரு சூடும் ஏறியது. போர்வையை உதறிவிட்டு, கிளம்பிப் போன பெண்ணை மாடிப்படியில் பிடித்தாள்.

"ஏய், நில்லு. எல்லா வீட்டுலயும் இப்படித்தான் கேக்கறியா? நோயாளியை நடுவுல வெச்சுக்கிட்டு?"

"எங்க நாற்காலி போடுறாங்களோ அங்கதானேக்கா உக்கார முடியும்? எல்லார் வீட்டுலயும் பக்கத்துலதான் போடுவாங்க. ஒரு வீட்டுல, தனியா வாங்கன்னு கூப்பிட்டேன். அந்த மாமியார், 'எம்பிள்ளைக்குத் தெரியக்கூடாத ரகசியம் என்னடி உனக்கு'ன்னு விரட்டாத குறை. அப்புறம் நான் கூப்பிடறதே இல்ல."

"இதை ஏன் சொல்லல?"

"யாரும் கேக்கலையேக்கா."

உண்மைதான். கேள்விகளைப் பற்றி மாதக்கணக்கில் கூட்டம் போட்டுப் பேசியிருந்தார்கள். எழுத்து எத்தனை பெரிதாக இருக்க வேண்டும் என்றுகூடச் சண்டை போட்டிருந்தார்கள். எங்கே உட்கார்ந்து கேட்பது என்று ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. அவள் உட்பட.

காய்ச்சல் விட்டதும் நேராகத் தலைவர் அறைக்குப் போனாள்.

"சார், இந்த ரிசல்ட்டை அனுப்ப முடியாது. இருநூறு பேரையும் நோயாளி முன்னாலயே கேட்டிருக்காங்க."

"அதனால?"

"புருஷன் முன்னால உக்காந்து, 'ஆமா, நீ எனக்குச் சுமை'ன்னு எந்தப் பொண்டாட்டி சொல்லுவா?"

"எத்தனையோ நாட்டுல சோதிச்ச கேள்விங்க இது."

"கேள்வி மேல குத்தமே இல்ல சார். நாற்காலி போட்ட இடம் தப்பு."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குரலில் தேன் வடிந்தது. "இங்க பாருங்கம்மா. உங்க அண்ணன் விஷயத்துல எனக்கும் வருத்தம்தான். ஆனா உங்க வீட்டுக்கும் நர்ஸ் வர்றாங்க இல்ல? திட்டம் நின்னா உங்களுக்கும் நஷ்டம். வெளியில இருக்கறவங்க என்ன சொல்லுவாங்க? சொந்தக் கதையை ஆராய்ச்சிக்குள்ள கொண்டுவந்துட்டான்னு சொல்ல மாட்டாங்களா?"

அடிக்கத் தெரிந்தவர், வலிக்கும் இடமாகப் பார்த்து அடித்தார். புள்ளிக்குக் காது மடல் வரை சுட்டது. ராத்திரியெல்லாம் அவளே தன்னைக் கேட்டுக்கொண்ட கேள்வி அது. கேட்டுக் கேட்டுத்தான் பதிலையும் கையோடு கொண்டுவந்திருந்தாள்.

"சொல்லட்டும் சார். அதனால எங்க வீட்டை எடுத்துடுங்க. மிச்ச வீடுகள்ல குலுக்கல் போட்டு இருபது இருபதா ரெண்டு குழு. ஒரு குழுவை வழக்கம்போல நோயாளி பக்கத்துலயே கேக்கட்டும். இன்னொரு குழு ஸ்கேனுக்கு வரும்போது, நோயாளி உள்ள போனதும் வெளிய பெஞ்சுல கூட வந்தவங்க மட்டும் இருப்பாங்க இல்ல, அங்க கேக்கட்டும். அதே பொண்ணு, அதே கேள்வி. நான் கிட்டயே போகமாட்டேன். ரெண்டும் ஒண்ணா வந்தா, அன்னைக்கே கையெழுத்துப் போட்டுட்டு உங்ககிட்ட மன்னிப்பும் கேக்கறேன்."

"கையெழுத்துப் போட வேற ஆள் கிடைக்காதா எனக்கு?"

"கிடைப்பாங்க சார். எங்க உக்காந்து கேட்டாங்கன்னு அவங்க என்கிட்ட கேட்டா, நான் சொல்லுவேன். கமிட்டி கேட்டாலும் சொல்லுவேன்."

மேசை விளிம்பைப் பிடித்தபடி அவள் நகராமல் நின்றாள். தலைவர் நாட்காட்டியை வெகுநேரம் புரட்டினார்.

"அடுத்த மாசக் கமிட்டி. அதுக்குமேல ஒரு நாள் கிடையாது. உங்க வீடு கணக்குல வரவே கூடாது."

"வராது சார்."

இரண்டாவது வாரமே கண்ணாடிக்காரி முகம் செத்துப்போய் வந்தாள். "அக்கா, எனக்கு இந்த வேலை வேண்டாம்போல இருக்கு. கேள்வியைக் கேட்டா, வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி எல்லாரும் ஒரு தடவை அந்த ஸ்கேன் ரூம் கதவைப் பாக்கறாங்க. சாத்தியிருக்கான்னு. ஒரு தாத்தா, பாட்டியைப் பாத்துக்கறவரு, 'அவ காதுல விழாதே?'ன்னு ரெண்டு வாட்டி கேட்டாரு. அப்புறம் கொட்டினாரு பாருங்க. என் பேப்பரெல்லாம் நனைஞ்சுபோச்சு."

கணக்கு வந்தது. நோயாளி பக்கத்தில் கேட்ட குழு பழையபடி தரையில் கிடந்தது. பெஞ்சுக் குழுவின் சராசரி அதைப்போல நாலு மடங்கு. கோபம் வருகிறதா என்ற ஒரு கேள்வியில் மட்டும் அதற்கும் மேலே. புள்ளி இந்த முறையும் முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தாள். ஜெயித்துவிட்டோம் என்று அவளுக்குக் குதிக்கத் தோன்றவில்லை. இத்தனை பேரின் தொண்டையில் இவ்வளவு அடைத்துக்கொண்டு நின்றிருக்கிறது. பூஜ்யம் பூஜ்யமென்று நாமே உட்கார்ந்து கூட்டியிருக்கிறோம்.

தலைவர் தாளை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

"அட, இது நல்லா இருக்கே! இதையே தனியா ஒரு கட்டுரையா எழுதிடலாமே. மொதல்ல என் பேரு, கடைசியில உங்க பேரு. என்ன சொல்றீங்க?"

என்ன சொல்வது? திட்டம் தொடரட்டும் என்று கமிட்டியில் அவரே எழுந்து நின்று முழங்கினார். பராமரிப்பவர்களின் மௌனக் கண்ணீர் என்றெல்லாம் பேசினார். கைதட்டல் வேறு. பின்வரிசையில் புள்ளி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வந்த வேலை முடிந்தது, போதும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அண்ணன் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். அண்ணி படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். மணிக்கட்டு இன்னும் சரியாகவில்லை; ஒரு முனையைப் பல்லால் கடித்துப் பிடித்து மடித்தாள்.

"அண்ணி, சிஸ்டர் தொடர்ந்து வருவாங்க. முடிவாயிடுச்சு. பெஞ்சுல வெச்சுக் கேட்டோம் பாருங்க, எல்லா உண்மையும் வெளிய வந்துடுச்சு."

அண்ணி வாயிலிருந்த துணியை எடுத்தாள். "தெரியும். நானும்தான் அந்தப் பெஞ்சுல உக்காந்திருந்தேன்."

"எப்போ?"

"போன மாசம். உங்க அண்ணனை ஸ்கேனுக்கு உள்ள அனுப்பிட்டு உக்காந்திருந்தேன். அந்தக் கண்ணாடிப் பொண்ணு பேப்பரோட வந்தா. நம்மகிட்டத்தான் வர்றான்னு தள்ளி உக்காந்து இடம்கூட விட்டேன். என்னைப் பாத்தா. தலையைக் குனிஞ்சுக்கிட்டு எனக்கு அந்தப் பக்கம் இருந்தவங்ககிட்ட போயிட்டா."

"நான்தான் அண்ணி நம்ம வீட்டை எடுக்கச் சொன்னேன். நம்மளும் இருந்தா, சொந்தக்காரங்களுக்காகச் செஞ்சான்னு பேச்சு வரும். அதான் கணக்குல சேக்கல."

"கணக்குல சேக்க வேண்டாம். கேக்கவும் கூடாதா?"

அந்தக் குரலைப் புள்ளி அதற்குமுன் கேட்டதில்லை. அண்ணி கையிலிருந்த விரிப்பைக் கட்டிலில் விட்டெறிந்தாள்.

"ஊரு ஒலகமெல்லாம் போயி, உனக்கு பாரமா இருக்கா, உனக்கு பாரமா இருக்கான்னு கேட்டுட்டு வந்திருக்க. நான் ஒரு சுவருக்கு அந்தப்பக்கம்தானே படுத்திருக்கேன்?"

புள்ளி எழுந்து போய் அண்ணன் அறைக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். திரும்பி வந்து அண்ணிக்கு எதிரே உட்கார்ந்தாள். கேள்விகள் அவளுக்கு மனப்பாடம்.

"அண்ணி, உங்களுக்குன்னு நேரமே..."

"அதை விடு. அதுக்கு நாலு போட்டுக்கோ. கோபம் வருதான்னு ஒண்ணு இருக்கில்ல, அதைக் கேளு."

"அண்ணன் மேல கோபம் வருதா?"

அண்ணி சாத்தியிருந்த கதவை ஒரு முறை பார்த்தாள்.

"வருது. ஆனா அது வந்த வேகத்துலயே போயிடுது. அவர் என்ன செய்வார் பாவம். உன் மேலதான் போகவே மாட்டேங்குது." மூச்சு வாங்கியது அவளுக்கு. "வேலை விட்டு வந்ததும் செருப்பைக் கழட்டறதுக்குள்ள கேப்ப. அண்ணன் சாப்பிட்டாரா, அண்ணன் மாத்திரை போட்டாரா. என்னைக்காவது நான் சாப்பிட்டேனான்னு கேட்டிருக்கியா? ராத்திரி அவர் கூப்பிட்டா உன் ரூம் லைட்டு அணையும். நான் பாக்கலன்னு நெனச்சியா? காய்ச்சல்ல படுத்தியே, உனக்கும் நான்தானே மாத்திரை குடுத்தேன்? இதுக்கு உன் பேப்பர்ல கட்டம் இருக்கா?"

இல்லை. நோயாளி மேல் கோபமா என்றுதான் கேட்டிருந்தார்கள். மற்றவர்கள் மேல் கோபமா என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

உள்ளேயிருந்து அண்ணன் கூப்பிட்டார். அண்ணியின் உடம்பு பழக்கத்தில் பாதி எழுந்துவிட்டது. அப்புறம் அவள் மறுபடி உட்கார்ந்துகொண்டாள். விரிப்பை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

புள்ளி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவரை எங்கே பிடித்துத் தூக்குவது என்றே அவளுக்குத் தெரியவில்லை. அக்குளில் கை கொடுத்து இழுத்தாள், அண்ணன் முனகினார். அவர் இவ்வளவு கனம் என்று அவளுக்கு இத்தனை நாள் தெரியாது. எப்படியோ தலையணையில் சாய்த்து உட்காரவைத்தபோது இரண்டு பேருக்கும் மூச்சு இரைத்தது.

"அவ எங்க?"

"உக்காந்திருக்காங்க."

"உடம்பு சரியில்லையா?"

"கோபமா இருக்காங்க."

"யார் மேல?"

"என் மேல."

"உனக்காவது கிடைச்சுதே," என்றார் அண்ணன். ஏதோ வேடிக்கை சொல்கிறார் என்று நினைத்து நிமிர்ந்தாள். அவர் முகத்தில் சிரிப்பே இல்லை, உதடு கோணியிருந்தது. "ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த நாள்லேருந்து என்கிட்ட ஒருத்தரும் ஒரு சொல் கடிஞ்சு பேசல. கைய ஒடிச்சுக்கிட்டுக்கூடக் குழாய்ல இடிச்சுக்கிட்டேங்கறா. நான் என்ன செத்தா போயிட்டேன்?" சரியான கையால் கட்டில் சட்டத்தை ஓங்கி அடித்தார். "அந்தக் கதவைத் திற. அவளை வரச் சொல்லு. என்ன இருக்கோ, என் மூஞ்சிக்கு நேரா சொல்லச் சொல்லு!"

புள்ளி கதவைத் திறப்பதற்குள் அந்தப் பக்கத்திலிருந்தே பதில் வந்தது.

"இதோ வரேன்," என்றாள் அண்ணி. அந்தக் குரல் கொஞ்சமும் தணியவில்லை.