கேரட்டின் கடைசி வரிசை

விதைக்கு விடுற கேரட்டைச் சுத்தி ஒரு கிலோமீட்டருக்கு வேற கேரட்டே இருக்கக் கூடாது. பூ கலந்தா விதை கெட்டுப்போகும். அதுக்காகவே குலு மலையில, ஓடைக்கு அந்தப் பக்கம், ஆளே இல்லாத சரிவுல நானும் என் பெண்டாட்டி சுகதாசியும் வீடு கட்டினோம். போன கார்த்திகையில அவ போய்ச் சேர்ந்தா. இப்ப கேரட்டும் தனி, நானும் தனி.

சித்திரையில தண்டு எழும்புற நேரம், அடி இலையோட ஓரமெல்லாம் கருகிக் கிடந்தது. பனி சுட்டிருக்கும்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். விதை ஆய்வாளர் கேஹர் சிங் வந்தான். சித்தப்பா முறை வெச்சு என்னைச் 'சாச்சா'ன்னுதான் கூப்பிடுவான். ஒரு இலையைக் கிள்ளி வெயிலுக்கு நேரா பிடிச்சான்.

"சாச்சா, பனி சுட்டா இலை மொத்தமா வெளுக்கும். இது புள்ளி புள்ளியா கறுப்பு, சுத்தி மஞ்சள். பூஞ்சைக் கருகல்."

"உன் கண்ணுதான் மஞ்சள்."

"பூஞ்சை விதைக்குள்ள போயிட்டா, விதைப் பயிருக்கு ஆகாதுன்னு இந்த நிலத்தையே தள்ளிடுவாங்க. அப்புறம் இங்க என்ன பண்ணுவீங்க?"

வரிசை வரிசையா நடந்தான். மேல் வரப்புக்குக் கிட்டத்தான் நோய் அதிகம். அங்க போன வருஷத்துக் கேரட் தண்டு, கட்டுக் கட்டா இருந்துச்சு. விதை உதுத்த தண்டை அடுப்பெரிக்க அடுக்கி வைக்கிறது எங்க வழக்கம். சுகதாசி தன் பழைய தலைத்துணியைக் கிழிச்சுக் கட்டினது. குளிர் முழுக்க பைன் சருகை அள்ளி அடுப்பு மூட்டினேனே தவிர, அதுல ஒரு குச்சி நான் உருவல.

"பூஞ்சை இதுலதான் தங்கியிருக்கு. மழை தெறிச்சு இலைக்கு ஏறுது. எரிச்சிடுங்க."

"வாயைக் கழுவுடா! அவ கட்டினது."

அவன் கருகின இலையை என் கையில வெச்சான். கடைசியில நானேதான் தீப்பெட்டியை எடுத்தேன். ஒரு துணியையாவது அவிழ்க்கப் பார்த்தேன். பாவி, அப்படி இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தா. துணியோடயே எரிச்சேன். அவன் போனதும் வாய்விட்டு அழுதேன், கேட்க யாரு இருக்கா?

புள்ளி விழுந்த இலையெல்லாம் கிள்ளிப் புதைச்சேன். தேனீ கூடடைஞ்ச பிறகு மருந்து அடிச்சேன். இலை பொழுது சாயறதுக்குள்ள காயட்டும்னு காலையிலயே தண்ணி விட்டேன். பத்து நாளைக்கு ஒருதரம் கேஹர் வருவான், பார்ப்பான், டீ குடிப்பான், போவான்.

மூணாவது தடவை அவன் முகமெல்லாம் சிரிப்பு. "புது இலையில ஒரு புள்ளி இல்ல சாச்சா. தப்பிச்சீங்க! இனி நான் அறுப்புக்கு வந்தா போதும்."

அறுப்புக்கு இன்னும் ரெண்டு மாசம்.

"கடைசி வரிசையைப் பார்த்தியா?"

"பார்த்தேனே."

"நீ சரியாப் பார்க்கல. இன்னொரு தரம் பாரேன், அதுக்குள்ள டீ போட்டுடுறேன்."

கேஹர் என் முகத்தைப் பார்த்தான். பையை இறக்கி வெச்சுட்டு, ஒவ்வொரு இலையா புரட்டிக்கிட்டே மெதுவா நடக்க ஆரம்பிச்சான்.