படகாக மந்திரிக்கப்பட்ட வீடு

ஒடாலி ஆர்சனோவின் வீட்டுக்கு அடியில் கொட்டலசு ஒட்டத் தொடங்கிய வருடம் இறால் விலை பவுண்டுக்கு எண்பது சென்ட்; டீசல் காலனுக்கு அதைப்போல நான்கு மடங்கு. கொட்டலசு என்பது படகின் அடிப்பலகையில் ஒட்டி வளர்கிற வெள்ளைச் சிப்பி, அதில் புதுமை ஒன்றும் இல்லை. வீடுதான் பதினாறு மரக்கால்களின் மேல், காய்ந்த புல்தரையிலிருந்து பதினோரு அடி உயரத்தில் நின்றுகொண்டிருந்தது. ஒடாலி ஏணி போட்டு ஏறி ஒரு வாளி நிறையச் சுரண்டி எடுத்தாள். அடுத்த வாரம் இன்னொரு வாளி வந்தது. யாரிடமும் சொல்லக்கூடாது என்றுதான் இருந்தாள். ஆனால் பக்கத்து வீட்டு வெர்லி எந்நேரமும் ஜன்னலோரம் காய் நறுக்குகிறவள். ஒரு குடைமிளகாயை ஒரு மணி நேரம் நறுக்குவாள். சாயங்காலத்துக்குள் பாயூ ஷெவ்ரெட் என்ற சதுப்புநில ஓடையின் இரண்டு கரைக்கும் விஷயம் போய்விட்டது. கேட்டவர்கள் யாரும் அதிர்ந்துபோகவில்லை. செய்த காரியத்துக்கு இது வந்துதானே ஆகவேண்டும் என்றார்கள்.

செய்த காரியம் இன்சூரன்ஸில் ஆரம்பித்தது. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற ஒடாலியும், இறால் பிடிக்கிற அவள் புருஷன் கிளோவிஸும் அந்த வீட்டில் முப்பத்தைந்து வருடமாக இருந்தார்கள். முதல் கம்பெனி ஒரு பெரிய புயலுக்குப் பிறகு மன்னிப்புக் கடிதம் எழுதிவிட்டு மாநிலத்தை விட்டே போனது. இரண்டாவது கம்பெனி மன்னிப்பும் கேட்கவில்லை. மூன்றாவது கம்பெனி வருடா வருடம் பிரீமியத்தை ஏற்றியது. குறைப்பதற்கு என்னென்ன வழி சொன்னார்களோ அத்தனையும் ஒடாலி செய்தாள். கூரைக்கு இரும்புப் பட்டை அடித்தாள். ஓக் மரத்தின் கிளைகளை வெட்டினாள். கடிக்கிற முகம் என்று கம்பெனி சொன்ன நாயை நாத்தனார் வீட்டுக்கு அனுப்பினாள். வருடத்துக்கு நாற்பது டாலர் குறைந்தது. நாய் ஒன்பது மைல் நடந்து திரும்பி வந்தது. குறைந்த நாற்பது டாலரும் அதன் பின்னாலேயே பிரீமியத்தில் வந்து சேர்ந்தது. வெள்ளத்துக்குப் பயந்து வீட்டைக் கால்மேல் ஏற்ற பேங்கில் கடன் வாங்கியிருந்தார்கள். அது முடிய இன்னும் ஆறு வருடம். கடன் இருக்கிறவரை இன்சூரன்ஸ் இருந்தே தீரவேண்டும். இல்லையென்றால் வீடு பேங்குக்கு, ஒடாலி ஹூஸ்டனில் மகள் வீட்டு விருந்தாளி அறைக்கு. அந்த அறையில் ஜன்னலைத் திறந்தால் கார் நிறுத்துமிடம். ஒடாலிக்கு அதில் துளியும் சம்மதமில்லை. கிளோவிஸுக்கும் இல்லை, ஆனால் அவனை யாரும் கேட்கவில்லை.

அந்த வருட பிரீமியக் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஒடாலி, ஐஸ் கடைக்குப் பக்கத்தில் இன்சூரன்ஸ் ஆபீஸ் வைத்திருந்த ரோடாவிடம் போனாள். இருவரும் மூன்றாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தவர்கள்.

"மூணு மடங்காடி?" என்றாள் ஒடாலி.

"நானா எழுதறேன்? கம்ப்யூட்டர் எழுதுது, நான் திட்டு வாங்கறேன்."

"கிளோவிஸ் படகுக்கு எவ்வளவு போடற?"

ரோடா பார்த்துச் சொன்னாள். வீட்டுக்குக் கேட்டதில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை.

"ஏன்டி, நடுக்கடலுக்குப் போயிட்டு வர்ற சாமானுக்கு அவ்வளவுதான், சிவனேன்னு ஒரே எடத்துல நிக்கிறதுக்கு இவ்வளவா?"

"புயல் வந்தா படகு ஓடிப்போயிடும். உன் வீடு ஓடுமா?"

ஒடாலி கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். "படகுன்னா என்னென்ன இருக்கணும்? அந்தப் படிவத்தைப் படி, கேப்போம்."

அந்தக் குரல் ரோடாவுக்குத் தெரியும். பள்ளியில் இரண்டு முறை அந்தக் குரலுக்குப் பின்னால் போய்த் தலைமையாசிரியர் அறையில் நின்றிருக்கிறாள். இருந்தாலும் படித்தாள். பெயர், நீளம், அகலம், என்ஜின், கட்டிவைக்கும் இடம். கடைசியாக, அது படகுதான் என்பதற்கு ஒரு சான்று. பாயூவில் பாதிப் படகுகள் கொல்லைப்புறத்தில் கட்டப்பட்டவை, அவற்றுக்குப் பிறப்புப் பத்திரம் கிடையாது. அதனால் ஆகஸ்ட் மாதம் படகு மந்திரிக்கும் திருவிழாவில் பங்குச் சாமியார் எழுதிக்கொடுக்கும் சீட்டே போதும் என்று கம்பெனி வெகுகாலமாக ஒத்துக்கொண்டிருந்தது.

"இது வீடு இல்லைன்னு எழுதிக் குடுன்னு எங்கயாவது கேட்டிருக்கா?"

"இல்ல."

"அப்ப சரி," என்று ஒடாலி எழுந்தாள்.

திருவிழா ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வழக்கம்போலச் சாமியார் முதல் படகில் ஏறி பாயூவின் நடுவே வந்தார். இரு கரையிலும் கொடியும் காகிதப் பூவும் கட்டிய இறால் படகுகள் நின்றன. கடைசிப் படகுக்கு அப்பால், கரையை ஒட்டி, கூரை முகட்டிலிருந்து நான்கு பக்கமும் கொடி தொங்க ஒடாலியின் வீடு நின்றது. ஒரு தடித்த வடத்தால் அதை ஓக் மரத்தில் கட்டியிருந்தாள். பின்புறத் தாழ்வாரத்தில் கிளோவிஸின் பழைய ஒன்பது குதிரைத்திறன் என்ஜின் மாட்டியிருந்தது. முகப்பில் சிவப்பு வண்ணத்தில் 'கேப்டன் கிளோவிஸ்' என்று எழுதியிருந்தது. பெயர் விஷயத்தில் வீட்டுக்குள் தகராறு நடந்தது உண்மை. இறால் படகுக்கு அவன் 'மிஸ் ஒடாலி' என்று வைத்திருந்தான். "வேலைக்குப் போகாம நாள் பூரா ஒரே எடத்துல கெடக்கறதுக்கு உன் பேருதான் பொருத்தம்" என்று ஒடாலி சொன்னதோடு தகராறு முடிந்தது.

சாமியார் கியெம் தீர்த்தச் செம்பைப் பிடித்தபடி படகை நிறுத்தச் சொன்னார். கேப்டன் தொப்பி போட்டுக்கொண்டு முன்படியில் நின்ற ஒடாலியை அண்ணாந்து பார்த்தார்.

"இது உங்க வீடு இல்லையாம்மா?"

"நோவா கட்டின பேழையையும் அக்கம்பக்கத்துல அப்படித்தான் சாமி கேட்டிருப்பாங்க."

கரையில் சிரிப்பு எழுந்தது. சாமியார் சிரிக்கவில்லை. வியட்நாமை விட்டு வந்தபோது அவருக்கு ஆறு வயது. பத்தொன்பது நாள் ஒரு படகையே வீடாக வைத்து ஐம்பது பேர் வாழ்ந்ததைப் பார்த்தவர். வீட்டைப் படகாக வைத்துக்கொள்வதை மறுக்க அவருக்குக் காரணம் ஒன்றும் தோன்றவில்லை. முழு மந்திரத்தையும் ஒரு வரி விடாமல் சொல்லி, மற்ற படகுகளுக்குத் தெளித்ததைவிட இரண்டு கை அதிகமாகவே தெளித்தார். சீட்டும் எழுதிக்கொடுத்தார். புதன்கிழமை பாலிசி வந்தது. வெள்ளிக்கிழமை கொட்டலசு வந்தது.

அதன்பின் நடந்தவற்றை ஊர் நாள்தோறும் தெரிந்துகொண்டது. கடல் ஓதத்தில் தண்ணீர் ஏறும்போது வீடு இடப்பக்கம் சாய்ந்தது, வடியும்போது வலப்பக்கம். ஒடாலி அலமாரிகளுக்குக் கொக்கி போட்டாள். நாற்பது வருடம் கடலில் கிடந்தும் குமட்டல் என்றால் என்னவென்று அறியாத கிளோவிஸ், சொந்தப் படுக்கையில் வாந்தியெடுத்துவிட்டுத் தூங்குவதற்குப் படகுக்குப் போனான். கூரையில் கூழைக்கடாக்கள் வரிசையாக உட்கார்ந்தன. குளியல் தொட்டியில் இறால் ஏறியது. பெரிய ரகம் இல்லை, கம்போ குழம்புக்குப் போதும். மீன்துறை அதிகாரி ஒருவர் வந்து வாசலில் நின்று யோசித்துவிட்டு, உயிர்காப்பு மிதவை வைக்காததற்காக அபராதச் சீட்டு எழுதிக் கதவிடுக்கில் செருகிப் போனார். ஒடாலி நான்கு மிதவை வாங்கித் துணிமாட்டியில் தொங்கவிட்டாள், இடப்பக்கம் சிவப்பு விளக்கும் வலப்பக்கம் பச்சை விளக்கும் போட்டாள். வெர்லி தினமும் வேலிக்கு மேலாகத் தலையை நீட்டினாள்.

"என்னடி கேப்டன், இன்னிக்குக் கடல் எப்படி இருக்கு?"

"உன் வாயை விட அமைதியா இருக்கு."

மறு வருடம் ஜூன் மாதம் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. வளைகுடாவில் புயலுக்குப் பெயர் வைத்த இருபத்துநாலு மணி நேரத்துக்குள் படகை வடக்கே பாதுகாப்பான இடத்துக்கு நகர்த்த வேண்டும், நகர்த்தாவிட்டால் பாலிசி செல்லாது, எங்கே நகர்த்துவீர்கள் என்று எழுதவும். ஒடாலி எழுதினாள்: கிளோவிஸின் பெரியப்பா மகனுடைய கரும்புத் தோட்டத்துக் கால்வாய், முப்பத்தொரு மைல். ஆகஸ்ட் கடைசியில் புயல் வந்தது, வினிஃப்ரெட் என்று பெயர் வைத்தார்கள். படகுகள் நகர்ந்தனவா என்று பார்க்க ஹால்வர்சன் என்பவரைக் கம்பெனி அனுப்பியது. அவர் கடலே இல்லாத நெப்ராஸ்காக்காரர். ரோடா மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"அந்த ஆளு பாலத்துல நின்னு ஒவ்வொரு படகா டிக் போடறான் ஒடாலி. உன்னுது வரலைன்னா நேரா இங்க வருவான். பொய்ன்னு பாலிசியைக் கிழிப்பான், அடுத்த வாரம் பேங்க்காரன் வந்து பூட்டுவான். நான் பக்கத்துக் கடையில ஐஸ் சுரண்டப் போகணும்."

"நகரும்."

"எப்படிடி நகரும்?"

"அதுக்கே கொஞ்ச நாளா போகணும்னுதான் இருக்கு. வடத்தைப் பாரு, எப்படி இழுத்துக்கிட்டு நிக்குதுன்னு."

வாய் அப்படிச் சொன்னாலும், ரோடா போனபின் ஒடாலி அடுக்களைச் சுவரில் உள்ளங்கையை வைத்து வெகுநேரம் நின்றாள். கொட்டலசையும் சாய்வையும் தினமும் பார்த்தவள்தான். ஆனால் சாய்வது வேறு, கிளம்புவது வேறு. கிளம்பாவிட்டால் வீடு போச்சு. கிளம்பினால் அது எங்கே போய் நிற்கும் என்று யாருக்குத் தெரியும். முப்பத்தாறு வருடத்தில் முதல்முறையாக அவள் அந்த வீட்டிடம் ஒன்றைக் கேட்டாள். என்ன கேட்டாள் என்பது மட்டும் வெர்லிக்கே தெரியாது. அன்று காற்று எதிர்ப்பக்கம் அடித்தது.

பிறகு வடத்தை அவிழ்த்தாள். கிளோவிஸ் என்ஜின் கயிற்றை மூன்று முறை இழுத்தான். வீடு, சாப்பாடு முடிந்த பருத்த மனிதர் நாற்காலியை விட்டு எழுவதுபோல, முனகிக்கொண்டு எழுந்தது. பதினாறு கால்களையும் அங்கேயே விட்டுவிட்டு, புல்லின் மேல் நிழல் போட்டபடி மெல்ல இறங்கி, பாயூவில் உட்கார்ந்தது. தண்ணீர் தாழ்வாரத்தின் முதல் படிவரை வந்தது, அதற்கு மேல் வரவில்லை. நாய் முன்னால் போய் நின்றுகொண்டது.

நெடுஞ்சாலையில் ஊரைக் காலிசெய்து போகிற கார்கள் பதினெட்டு மைலுக்கு நின்றன. அவற்றுக்கு இணையாக, மணிக்கு நான்கு மைல் வேகத்தில், புகைபோக்கியில் புகை விட்டுக்கொண்டு ஒடாலியின் வீடு போனது. அடுப்பில் குழம்பு கொதித்தது. தூக்குப்பாலத்தை நெருங்கியதும் ஒடாலி ஊதலை மூன்று முறை ஊதினாள். பாலக்காரர் ஏர்லன் ஜன்னலைத் திறந்து கேட்டார்.

"எத்தனை அடி உசரம்?"

"கூரை மேல சாமியார் கட்டின சிலுவையோட சேர்த்து இருபத்தொண்ணு."

ஏர்லன் நெம்புகோலை இழுத்தார். அருகில் மழையங்கி போட்டு நின்ற ஹால்வர்சன் அவர் கையைப் பிடித்தார். "சார், அதுல ஜன்னல் திரைச்சீலை தொங்குது. அது வீடு."

"நான் முப்பது வருஷமா படகுக்குத்தான் பாலம் தூக்கறேன்," என்றார் ஏர்லன். "வீட்டுக்குத் தூக்கினதா ஒரு தடவைகூட இல்ல. இப்பத் தூக்கறேன் இல்ல? அப்ப அது என்ன?"

ஹால்வர்சன் நேர்மையான மனிதர். தன் பட்டியலைப் பார்த்தார். பெயர், நீளம், என்ஜின், விளக்கு, மிதவை எல்லாம் சரியாக இருந்தன. நகர்ந்ததா என்ற கேள்விக்கு எதிரே டிக் போட்டார். கீழே கடந்துபோன ஒடாலி ஒரு கிண்ணம் குழம்பை ஏர்லன் இறக்கிய கயிற்றில் கட்டி மேலே அனுப்பினாள். அவர் அதையும் வாங்கிக்கொண்டார்.

வினிஃப்ரெட் இரண்டு நாள் அடித்தது. பாயூ ஷெவ்ரெட்டில் நாற்பத்தொரு கூரைகள் பறந்தன. வெர்லியின் அடுக்களை ஜன்னல் சட்டத்தோடு பிடுங்கிக்கொண்டு போயிற்று. ஊர்ச்செய்தி மூன்று வாரம் தாமதமாகவே பரவியது. சேதம் மதிப்பிட வந்தவர் தன் பட்டியலில் ஆர்சனோ வீட்டு மனைக்கு எதிரே 'வீடு இல்லை, சேதம் இல்லை' என்று எழுதிக்கொண்டார். ஐந்தாம் நாள் மதியம் வீடு தானாகவே வந்து, கால்களைத் தேடிக் கொஞ்சம் தடவிப் பார்த்து, உட்கார்ந்தது. ஆனால் பின்புறம் பாயூவைப் பார்க்க, முன்புறம் சாலையைப் பார்க்க, திருப்பி உட்கார்ந்துவிட்டது. தபால்காரருக்கு இது வசதி என்று ஒடாலி அப்படியே விட்டாள்.

மறு ஆகஸ்டில் சாமியார் கியெமுக்கு இருபத்துமூன்று வீடுகள் மந்திரிக்கக் காத்திருந்தன. வெர்லி முதல் ஆளாகக் கொடி கட்டியிருந்தாள். சாமியார் இரண்டு செம்பு அதிகம் கொண்டுவந்தார். ரோடா ஆபீஸுக்கு இன்னொரு மேசை வாங்கினாள்.

ஆறு வருடம் முடிந்து கடன் அடைந்தது. பேங்கின் கடிதத்தை ரோடா படித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "இனிமே உன்னை யாரும் கேக்க முடியாது. பாலிசியை நிறுத்திடலாம். சாமியைக் கூப்பிட்டு மந்திரத்தையும் திருப்பி எடுக்கச் சொல்லு, வீடு வீடா இருக்கட்டும்."

"திருப்பி எடுக்க முடியாதாம், ஏற்கெனவே கேட்டேன்," என்றாள் ஒடாலி. "முடிஞ்சாலும் வேண்டாம். நம்பளைக் காப்பாத்த அந்த வீடு படிச்ச தொழிலு. இப்பப் போய் அது பொய்தான்னு எப்படிடி அதுகிட்ட சொல்றது?"

பிரீமியத்தைக் கட்டிவிட்டுப் போனாள். இப்போதெல்லாம் மே மாதம் யாராவது ஒடாலியைத் தேடி வந்தால் மனையில் பதினாறு கால்கள் மட்டும் நிற்கும். அடிப்பலகை சுரண்டிச் சிவப்பு வண்ணம் பூச வீட்டைப் படகுப் பட்டறையில் ஏற்றியிருப்பார்கள். நல்ல வெயிலாக இருந்தால் மூன்று நாள், மழையென்றால் ஐந்து. அங்கே போக வழி யாரைக் கேட்டாலும் கை காட்டுவார்கள்.